ஒரு விரற்கடை மணல்

எங்கள் வகுப்பு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதை நிலாதான் முடிவு செய்தது. சியாட்டிலிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். வில்லாப்பா விரிகுடாவில் போய்ச் சேரும் நியாவியாக்கம் என்ற சிற்றாற்றின் கரைக்குப் போகிறோம். அங்கே கடல்நீர் ஏறி இறங்கும் உயரம் சில நாள்களில் மூன்று மீட்டரைத் தொடும். நீர் நன்றாக வற்றி, கரையின் வெட்டுமுகம் அடிவரை தெரிவது ஓரிரு மணி நேரம்தான். அமாவாசை, பௌர்ணமி பார்த்துப் பேராசிரியர் நாள் குறித்திருந்தார். விடியுமுன் வேனில் ஏறி உட்கார்ந்தபோது ஊர் நினைவு வந்தது. வேளாங்கண்ணிக்குத் தெற்கே எங்கள் கரையில் ஓதம் முழங்கால் அளவு ஏறும், அதே அளவு இறங்கும். அதற்கே பிறை பார்த்து வலை எடுப்பார்கள்.

ஆற்றுக்குள் இறங்கினால் முழங்கால் வரை சேறு. கையில் ஒரு களைக்கொத்து. அந்தச் சதுப்புகளில் வேலை செய்கிறவர்கள் விரும்பி வைத்திருப்பது வளைந்த அலகுள்ள ஜப்பானியக் களைக்கொத்துதான். பழைய சுவரில் வெள்ளையடிக்குமுன் சுண்ணாம்பைச் சுரண்டுவோமே, அப்படிக் கரையின் முகத்தை மேலிருந்து கீழாகச் சுரண்ட வேண்டும். ஊறிய மேல்தோல் கழன்றதும் உள்ளே வரிசை தெரிந்தது. உச்சியில் இன்றைய புல்லின் வேர். அதற்குக் கீழே சாம்பல் நிறச் சேறு, ஏறக்குறைய ஒரு மீட்டர். அதற்குக் கீழே ஒரு விரற்கடைக்கு மணல். மணலுக்கு அடியில் கன்னங்கரேலென்று மக்கிய மண், அதில் பழைய புல்லின் தாள்கள். அந்தத் தாள்கள் அறுபடாமல் மணலுக்குள் நுழைந்து அங்கேயே முடிந்தன. சேற்றுக்குள் ஒன்றுகூட எட்டவில்லை.

பெயர் சொல்ல வாயெடுத்தேன். பேராசிரியர் கையமர்த்தினார். "முதலில் வரை. பெயரைப் பிறகு வைக்கலாம்." மஞ்சள் அட்டை போட்ட, மழையில் நனையாத குறிப்பேட்டில் பென்சிலால் வரைந்தேன். மேலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் நிறம் மாறுகிறது, மாற்றம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கிறதா மங்கலாக இருக்கிறதா, மணலின் பருமன் என்ன, தாள்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன. மண்ணை ஈரத்தோடு மன்செல் நிறப் புத்தகத்தின் சதுரங்களுக்குப் பக்கத்தில் பிடித்து, கறுப்பு என்று நாம் சொல்லும் ஒன்றுக்குள் எத்தனை கறுப்பு என்று எண்ணால் எழுத வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. ரப்பரால் அழிக்கக் கூடாது. தவறு என்றால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுது. முதலில் நீ என்ன நினைத்தாய் என்பதும் பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டும்.

அந்த விரற்கடை மணலில் கை வைத்தபோது என் கை நடுங்கியது. காரணம் குளிர் மட்டும் அல்ல. அந்த மணலை ஒருவகையில் எனக்குத் தெரியும்.

*

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. அரையாண்டுத் தேர்வு முடிந்து நான் திருத்துறைப்பூண்டியில் தாய்மாமன் வீட்டில் இருந்தேன். இந்திய நேரம் காலை ஏறக்குறைய ஆறரைக்கு சுமத்ராவுக்கு அருகே கடலடியில் தொடங்கிய பிளவு வடக்கே அந்தமானை நோக்கி ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் ஓடியது. இரண்டரை மணி நேரம் போல் கழித்து அலை எங்கள் கரைக்கு வந்தது. அப்போதைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். எங்கள் தெருவில் போனவர்களில் அத்தையின் இளைய மகனும் ஒருவன். என்னைவிட ஒரு வயது சிறியவன்.

நான் அதைப் பார்க்கவில்லை. பத்து நாள் கழித்து ஊருக்குத் திரும்பியபோது தெரு முழுக்க மணல் கிடந்தது. திண்ணையில், அடுப்பில், பள்ளிக்கூட மேசை அறைகளில், கோயில் கருவறையில், எங்கும் மணல். பார்த்தவர்கள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கேட்கவும் எங்களுக்கு வாய் வரவில்லை. எனக்குக் கிடைத்த ஒரே சாட்சி அந்த மணல்தான். அதையும் சில வாரங்களில் மண்வாரி எந்திரங்கள் அள்ளிக்கொண்டு போயின.

புவியியல் படிக்க வந்ததற்கு அதுதான் காரணமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம் என்று ஒரு சொல்லில் முடித்துவிட என்னால் முடிந்ததில்லை. கல்லூரியில் பாறைகளைப் பிடித்திருந்தது, மதிப்பெண் வந்தது, உதவித்தொகை கிடைத்தது, விசாவும் கிடைத்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் புவி மற்றும் விண்வெளி அறிவியல் துறைக்கு வந்து சேர்ந்தேன். ஆனால் அந்தத் துறையை நான் தேர்ந்தெடுத்ததில், யாரும் எனக்குச் சொல்லாத ஒரு காலைப்பொழுதுக்குப் பங்கு இருந்தது என்பதை நியாவியாக்கம் கரையில் நின்றபோதுதான் உணர்ந்தேன்.

*

1980-களின் தொடக்கம்வரை அமெரிக்காவின் வடமேற்குக் கரை பெருநடுக்கம் காணாத கரை என்றே பலரும் நினைத்திருந்தார்கள். கலிபோர்னியாவின் வட முனையிலிருந்து கனடாவின் வான்கூவர் தீவுவரை ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் நீளத்துக்குக் கடல்தட்டு ஒன்று கண்டத்தின் அடியில் நுழைகிறது. வேகம் ஆண்டுக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர், அதாவது விரல்நகம் வளரும் வேகம். கஸ்கேடியா என்று அந்தப் பகுதிக்குப் பெயர். சிலியிலும் அலாஸ்காவிலும் இப்படித் தட்டு நுழையும் இடங்களில்தான் 1960-லும் 1964-லும் பெருநடுக்கங்கள் வந்தன. கஸ்கேடியாவிலோ, வெள்ளையர் வந்து எழுதத் தொடங்கிய ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளில் அப்படி ஒன்றுகூடப் பதிவில் இல்லை. எழுத்தில் இல்லாதது நடந்ததே இல்லை என்று எண்ணுவது எளிது. அந்த எண்ணத்தை உடைத்தது சேறு.

1986-ல் பிரையன் அட்வாட்டர் என்ற புவியியலாளர் வாஷிங்டன் மாநிலத்தின் வடமேற்கு முனையில் உள்ள நீயா விரிகுடாப் பக்கம் சதுப்பைத் தோண்டினார். நல்ல மேட்டில் வளரும் புல்லும் செடியும் மணலால் மூடப்பட்டு, அதன்மேல் அலைச்சேறு படிந்து கிடந்தது. பிறகு படகில் ஆறாறாகப் போனார். நான் பார்த்த அதே வரிசை கரை நெடுகிலும் இருந்தது. கறுப்பு மண், மணல், சாம்பல் சேறு.

அந்த வரிசைக்குப் பொருள் இதுதான். ஒரு மூங்கில் பிளாச்சின் நுனியை அமுக்கிப் பிடித்தால் நடுப்பகுதி வில்லாக எழும்பும். கடல்தட்டு அழுத்த அழுத்தக் கரை அப்படி நூற்றாண்டுக்கணக்காக மெல்ல எழும்புகிறது. பிடி நழுவும் நொடியில் நுனி துள்ளி எழும், நடுப்பகுதி தாழும். கரை ஒன்று இரண்டு மீட்டர் அமிழ்ந்துபோகும். துள்ளிய கடலடி தள்ளிய நீர் சிறிது நேரத்தில் மணலைச் சுமந்துகொண்டு உள்ளே வரும். அமிழ்ந்த புல்வெளியில் அன்றிலிருந்து நாளுக்கு இருமுறை ஓதம் ஏறிச் சேற்றைப் படியவிடும், மீண்டும் புல் முளைக்கும் உயரம் வரும்வரை. அப்படியென்றால் அந்த ஒரு மீட்டர் வெட்டுமுகத்தில் கறுப்பு மண் பல நூற்றாண்டு அமைதி. சாம்பல் சேறு சில பத்தாண்டுப் பொறுமை. நடுவிலுள்ள மணல் ஒரே ஒரு இரவு. வில்லாப்பாவில் இன்னும் ஆழமாகப் பார்த்தபோது கடந்த 3,500 ஆண்டுகளில் இப்படி ஏழு முறை நடந்திருப்பது தெரிந்தது.

ஒரே ஒரு இரவு என்று நான் சொன்னது அலங்காரத்துக்கு அல்ல. அது எந்த இரவு என்பதே தெரியும். அது தெரியவந்த கதையைத்தான் இந்தப் படிப்பில் நான் பெற்ற பெரும் பேறாக நினைக்கிறேன்.

*

சேற்றுக்கு என்ன நடந்தது என்று தெரியும். எப்போது என்று தெரியாது. கதிர்க்கார்பன் கணக்கு 1700-ஐ ஒட்டிய சில பத்தாண்டுகளைக் காட்டியது. அதற்குமேல் நெருங்க அதனால் முடியவில்லை. அடுத்த சாட்சி மரம். கோபாலிஸ் ஆற்றின் கரையில் வெள்ளி நிறத்தில் பட்டுப்போன செவ்வகில் மரங்கள் இன்றும் நின்றபடி இருக்கின்றன. நிலம் அமிழ்ந்தபோது உப்புநீர் வேரில் ஏறிச் செத்தவை. எளிதில் மக்காத மரம் என்பதால் மூன்று நூற்றாண்டு தாங்கியிருக்கிறது. தண்டின் வெளி வளையங்கள் காற்றிலும் மழையிலும் தேய்ந்துவிட்டதால், சேற்றுக்குள் பட்டையோடு பத்திரமாக இருந்த வேர்களைத் தோண்டி எடுத்து, வளையங்களை எண்ணினார்கள். கடைசி வளையம் 1699-ம் ஆண்டுக்கு உரியது. 1700-க்கு வளையம் இல்லை. 1699 ஆகஸ்ட்டுக்கும் 1700 மே மாதத்துக்கும் இடையில் அந்த மரங்கள் செத்திருக்கின்றன.

அதற்குமேல் நெருங்க ஒரு நாளும் மணியும் வேண்டும். அவை கடலின் அந்தப் பக்கம், ஏறக்குறைய 7,500 கிலோமீட்டருக்கு அப்பால் காகிதத்தில் இருந்தன. ஜப்பானியக் கணக்கில் கென்ரோக்கு 12-ம் ஆண்டு, பன்னிரண்டாம் மாதம், எட்டாம் நாள். அந்த நள்ளிரவையும் அடுத்த காலையையும் ஒட்டிக் கிழக்குக் கரை நெடுகக் கடல் ஏறியது. குவாகசாக்கி என்ற துறைமுக ஊரில் வீடுகளை அலை அடித்துக்கொண்டு போனது. பிறகு பிடித்த தீயில் இன்னும் பல வீடுகள் எரிந்தன. மிஹோ என்ற ஊரின் தலைவர் எழுதி வைத்தார். நிலம் நடுங்கவில்லை. கடல் மட்டும் திரும்பத் திரும்ப ஏறுகிறது. இதற்கு என்ன பெயர் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பெயர் தெரியாததால் எழுதாமல் விட்டுவிடவும் இல்லை. கண்டதைக் கண்டபடி எழுதினார், மக்களை மேட்டுக்குப் போகச் சொன்னார்.

நடுக்கம் இல்லாமல் வந்த அந்த அலையை ஜப்பானிய ஆய்வாளர்கள் தாய் தெரியாத அலை என்ற பொருளில் அநாதை அலை என்றார்கள். 1996-ல் கென்ஜி சாட்டக்கேயும் அவருடைய தோழர்களும் அதற்குத் தாய் கஸ்கேடியாதான் என்று நிறுவினார்கள். தென் அமெரிக்கா, அலாஸ்கா, கம்சட்கா என்று ஒவ்வொன்றாக விலக்கி அங்கே வந்து சேர்ந்தார்கள். அலை பசிபிக்கைக் கடக்க ஏறக்குறைய பத்து மணி நேரம். அதைக் கழித்து, தேதிக்கோட்டையும் கணக்கில் எடுத்தால் கஸ்கேடியாவில் 1700 ஜனவரி 26, இரவு ஒன்பது மணி. அளவு ஏறக்குறைய 9.

சேற்றுக்குத் தெரிந்தது காகிதத்துக்குத் தெரியாது. காகிதத்துக்குத் தெரிந்தது சேற்றுக்குத் தெரியாது. மிஹோவின் தலைவர் தாம் எழுதுவது எதற்குப் பதில் என்பதை அறியாமலே எழுதினார். ஏறக்குறைய முந்நூறு ஆண்டு கழித்து, அவர் பெயர்கூடக் கேட்டிராத ஒரு நாட்டில் ஒருவர் கேள்வியோடு சேற்றில் நின்றார்.

மூன்றாவது ஒரு சாட்சியும் இருந்தது. அதைக் கேட்கத்தான் வெகுநாள் ஆயிற்று. வான்கூவர் தீவின் பச்சீனா விரிகுடாவில் வாழ்ந்த ஹூ-அய்-அத் மக்கள், குளிர்கால இரவொன்றில் நிலம் குலுங்கியதையும், கடல் வந்து கரையோர ஊரை ஒருவர் மிச்சமில்லாமல் கொண்டுபோனதையும் வாய்வழிக் கதையாகச் சொல்லி வந்தார்கள். அதே கரையில் வாழும் மக்கா மக்கள் சொன்ன பெருவெள்ளக் கதை 1864-லேயே ஒரு வெள்ளையரின் நாட்குறிப்பில் ஏறியிருந்தது. இடிப்பறவையும் திமிங்கிலமும் போரிட்ட கதைகளும் அந்தக் கரை முழுக்க உண்டு. சேறு சொல்லும்வரை அவற்றைக் கதை என்றே வைத்திருந்தார்கள். பின்னர் எங்கள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரூத் லட்வின் முதலியோர் அவற்றைத் தேடித் தொகுத்தபோது, குளிர்காலம், இரவு, வெள்ளத்துக்கு முந்திய குலுக்கம் எல்லாம் கதைகளில் முன்பிருந்தே இருந்தது தெரிந்தது. அந்த மக்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். கேட்பதற்குத்தான் அறிவியலுக்கு ஒரு நூற்றாண்டுக்குமேல் பிடித்தது.

*

எங்கள் துறை இருக்கும் ஜான்சன் கட்டடத்தில் ஒரே கூரையின் கீழ் ஒருவர் சேற்றைப் படிப்பார், ஒருவர் பனிப்பாளத்தில் சிக்கிய காற்றை, ஒருவர் துருவ ஒளியை, ஒருவர் செவ்வாயின் பள்ளத்தாக்குகளை. புவிக்கும் விண்ணுக்கும் ஏன் ஒரே துறை என்று முதல் மாதம் எனக்குப் புரியவில்லை. வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குப் பாதியைப் பார்த்தபிறகு புரிந்தது. அங்கே கருங்கல் நிலம் பிய்த்தெறியப்பட்டுக் கிடக்கிறது. 1920-களில் ஹார்லன் பிரெட்ஸ் என்பவர் இது பெருவெள்ளத்தின் வேலை என்று எழுதியபோது பெரியவர்கள் ஏற்கவில்லை. பனியுகத்தில் பனியணை உடைந்து வெளியேறிய மொன்டானா ஏரி ஒன்றின் வெள்ளம் அது என்பது பின்னால் உறுதிப்பட்டது. 1979-ல், தொண்ணூறு வயதுக்குமேல், அவருக்கு அமெரிக்கப் புவியியல் சங்கத்தின் உயரிய பதக்கமான பென்ரோஸ் பதக்கம் கிடைத்தது. 1970-களில் செவ்வாயிலிருந்து வந்த படங்களில் அதே வடிவப் பள்ளங்கள் தெரிந்தன. 1997-ல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் குழுவினர், அதற்கு முன்பே பிரெட்ஸின் நிலத்துக்கு வந்து, வெள்ளம் கல்லை எப்படிப் போட்டுவிட்டுப் போகும் என்று பார்த்துக்கொண்டு போனார்கள்.

யாரும் பார்க்காத ஒன்றை எஞ்சியதைக் கொண்டு படிப்பதுதான் இரண்டு இடத்திலும் வேலை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நிலவில் காற்றில்லை, மழையில்லை. அங்கே பதிந்த சுவடு கோடிக்கணக்கான ஆண்டு அப்படியே கிடக்கும். பூமி தன் ஏட்டைத் தானே அழித்துக்கொண்டிருக்கும் கோள். மழை கரைக்கும், வேர் கிளறும், நண்டு தோண்டும், தட்டுகள் பழைய கடலடியையே விழுங்கிவிடும். இங்கே எதுவாவது மிஞ்சியிருந்தால், அது மிஞ்சியதற்குத் தனிக் காரணம் ஒன்று இருந்தாக வேண்டும். நியாவியாக்கம் கரையில் அந்தக் காரணம் குளிரும் சேறும். அமிழ்ந்த நிலத்தை உடனே மூடிக் காற்றுப்படாமல் காத்த சேறு.

*

அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு கேள்வி என்னை விடவில்லை. எங்கள் கரைக்கு யார் சாட்சி?

சொல் நம்மிடம் இருந்தது. கடல்கோள் என்று வைத்திருந்தோம். புகாரைக் கடல் கொண்டதை மணிமேகலை சொல்கிறது. ஆனால் கடல் திடீரென்று உள்வாங்கினால் திரும்பிப் பார்க்காமல் ஓடு என்ற நடைமுறை அறிவு அந்தச் சொல்லோடு சேர்ந்து எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. 2004-ன் நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தது சிமெலு தீவு. அங்கே 1907-ல் ஒரு பேரலை வந்திருந்தது. அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டு, நிலம் பலமாகக் குலுங்கினால் மலைக்கு ஓடு என்று தாய்மார் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள். 2004-ல் ஏறக்குறைய 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். இந்த எண்ணை முதன்முதலாக வகுப்பில் கேட்ட அன்று நான் எழுந்து வெளியே போய்விட்டேன். சியாட்டிலின் ஓயாத தூறலில் வெகுநேரம் நின்றேன்.

எங்களுக்கும் குறிப்பு இருந்திருக்கிறது. 1881 டிசம்பர் 31-ல் கார் நிக்கோபார் அருகே ஏற்பட்ட நடுக்கத்தின் அலை வங்கக் கடலைச் சுற்றியிருந்த ஓதமானிகளில் பதிவானது. உச்சம் ஒரு மீட்டர்கூட இல்லை. அதனால் அது தாளோடு நின்றது. ஊருக்குள் வரவில்லை, கதைக்குள்ளும் வரவில்லை.

மண்ணைக் கேட்கலாம் என்று பலர் புறப்பட்டார்கள். தாய்லாந்தின் பிரா தொங் தீவில் 2004-ன் மணலுக்கு அடியில் ஏறக்குறைய 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முந்திய இன்னொரு மணல் படிவு கிடைத்தது. அந்த ஆய்வில் அட்வாட்டரும் இருந்தார். சுமத்ராவின் அச்சேயில் கடலோரக் குகை ஒன்றில், ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் பல முறை வந்த அலைகளின் மணல், வௌவால் எச்சத்தின் அடுக்குகளுக்கு இடையே தாள் தாளாகப் பிரிந்து கிடந்தது. மாமல்லபுரத்தில் தோண்டியவர்களும் பழைய கடல்மணல் படிவைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். ஆனால் எங்கள் பக்கத்துத் திறந்த மணற்கரையில் குகையும் இல்லை, குளிர்ந்த சேறும் இல்லை. மழைக்காலம் அரிக்கிறது, கோடைக்காற்று புதுமணலைக் கொட்டுகிறது, நண்டு இரவோடு இரவாக உழுகிறது. மணலுக்குள் மணல் போனால் அடையாளம் சொல்வது கடினம்.

அமெரிக்கக் கரையில் ஒரு விரற்கடை மணல் என்ன செய்தது என்பதையும் பார்த்தேன். வெஸ்ட்போர்ட் என்ற சிறிய கடற்கரை ஊரில் ஒகாஸ்டா தொடக்கப்பள்ளி இருக்கிறது. ஓடி ஏற அருகில் மேடு இல்லை. அதனால் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தையே ஆழமான தூண்களில் நிறுத்தி, கூரையில் ஏறக்குறைய ஆயிரம் பேர் நிற்கும்படி கட்டியிருக்கிறார்கள். வட அமெரிக்காவில் இப்படி அலைக்குத் தப்பிக் கூரை ஏறும்படி கட்டப்பட்ட முதல் கட்டடம் அது, 2016-ல் திறந்தது. செலவுக்கு வரிப்பணத்தை ஒதுக்கலாம் என்று வாக்களித்தவர்கள் அந்த ஊரார்தான். அவர்களில் ஒருவரும் அலையைக் கண்டவரில்லை. முந்நூறு ஆண்டுக்கு முந்திய மணலை நம்பித் தங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கூரை கட்டினார்கள். அந்தப் படிகளில் ஏறி உச்சியில் நின்றபோது எனக்கு மனம் நிறைந்தது. கூடவே ஊரில் எங்கள் பள்ளியின் ஓட்டுக் கூரையும் நினைவுக்கு வந்தது.

*

கடந்த டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தேன். பதினெட்டாம் பக்கம்வரை எழுதியிருந்த மஞ்சள் குறிப்பேட்டையும் கொண்டுபோனேன். சவுக்குத் தோப்புக்கு மேற்கே, யாரும் வீடு கட்டாத தாழ்வான ஒரு துண்டு நிலம் எனக்குத் தெரியும். மண்வாரி அங்கே வரவில்லை. காலை வெயில் ஏறுமுன் மண்வெட்டியோடு போய் இடுப்பளவு ஒரு குழி வெட்டினேன். நியாவியாக்கம் கரையில் செய்ததுபோல் ஒரு சுவரைக் கரண்டியால் மழித்து, பக்கத்தில் அளவுநாடாவைத் தொங்கவிட்டு, பார்த்தேன்.

மேலே சவுக்கு ஊசிகளின் மக்கல். கீழே பழுப்பு மணல். அதற்கும் கீழே அதே பழுப்பு மணல். நண்டு வளைகள் குறுக்கும் நெடுக்குமாகப் போயிருந்தன. ஓரிடத்தில் கருமணல் ஒரு கீற்று போலத் தெரிந்தது, கைப்பூதக்கண்ணாடியில் பார்த்தால் தொடர்ச்சி இல்லை. அது அந்த நாளுடையது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. எனக்கு நேற்றுப்போல் இருந்த ஒன்றை மண் அதற்குள் மறந்திருந்தது. முதல் குழி, ஆழம், நிறம், படிவு எதுவும் தெளிவில்லை என்று எழுதினேன்.

பின்னால் அரவம் கேட்டது. அத்தை. சுள்ளி பொறுக்க வந்தவள் குழியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இந்தக் குழியில என்ன தம்பி தேடுற?"

"அன்னைக்கு வந்த மணலு இருக்கான்னு பாக்குறேன் அத்தை."

அவள் முகம் மாறும் என்று பயந்தேன். மாறவில்லை. சுள்ளிக் கட்டை இறக்கி வைத்துவிட்டு, நான் அள்ளிப் போட்ட மண்மேட்டில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் குழிக்குள் பார்த்தாள்.

"மண்ணு எப்புடிப்பா வச்சிருக்கும்? என்னையக் கேக்க வேண்டியதுதானே."

இத்தனை ஆண்டில் யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளுக்கு வலிக்கும் என்று நினைத்தோம். வலிக்கும்தான். ஆனால் நாங்கள் கேட்காமல் இருந்ததில் எங்கள் வலியைத்தான் காப்பாற்றிக்கொண்டோம் என்பது அந்த மண்மேட்டின் முன் குழிக்குள் நின்றபோது எனக்குத் தெரிந்தது. கஸ்கேடியாவில் எழுத யாரும் இல்லாததால் சேறு பேச வேண்டியிருந்தது. இங்கே மண்ணால் முடியாது. கண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்வரைதான் இந்தக் கரைக்குச் சாட்சி.

குழியிலிருந்து ஏறி வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். முதல் தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டுப் போனது. குழந்தைகள் கைகொட்டினார்கள். பிறகு கடல் வெகுதூரம் பின்வாங்கி, அவள் பிறந்ததிலிருந்து பார்த்திராத பாறை ஒன்று தெரிந்தது. இரண்டாவது தண்ணீர்தான் எல்லாவற்றையும் கொண்டுபோனது. கறுப்பாக இருந்தது. சத்தம் லாரி வருவதுபோல் இருந்தது. ஒற்றைப் பனையில் எதுவரை ஏறியது என்று எழுந்து போய்க் கையை உயர்த்திக் காட்டினாள். அந்த உயரத்தை அளந்து எழுதினேன். மூன்றாவதும் வந்தது, ஆனால் அதற்குள் அவள் எண்ணுவதை நிறுத்தியிருந்தாள். மகன் பெயரை ஒரு முறை மட்டும் சொன்னாள். அதையும் எழுதினேன்.

வெயில் ஏறிவிட்டது. "எழுதிக்கிட்டியா?" என்று கேட்டாள். பக்கத்தைக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "படி, கேப்போம்" என்றாள். முதலிலிருந்து படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இரண்டாவது அலை கிழக்கேயிருந்து வந்தது என்ற வரியில் கையை நீட்டி நிறுத்தினாள்.

"கெழக்கேன்னு நான் சொன்னனா? நீயா எழுதிருக்க. நாங்க எல்லாம் கெழக்கயேதான் பாத்துக்கிட்டு நின்னோம். அது உப்பனாத்து வழியா சுத்திக்கிட்டு முதுகுப் பக்கம் வந்துட்டு, தம்பி. மேக்கேருந்து."

கிழக்கே என்ற சொல்லின்மேல் ஒற்றைக் கோடு போட்டேன். பக்கத்தில் மேற்கே என்று எழுதினேன். அடுத்த வரியைப் படிக்கச் சொன்னாள்.